ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த மூட்டை

விற்ற சரக்கு திரும்பி வருவதைப் போல ஓர் அவமானம் கடை வைத்தவனுக்கு வேறு கிடையாது. வாங்கிப் போனவன் வாசலில் வண்டியை நிறுத்தி, தெருவே வேடிக்கை பார்க்க மூட்டையை இறக்கிவிட்டுப் போவான். இறங்குவது மூட்டை, கப்பலேறுவது மானம். பெண்கள் சிறையின் தையல் கூடத்துக்கு அந்த மரியாதை ஒரு புதன்கிழமை காலையில், வெயில் தகரக் கூரையைக் காய்ச்சத் தொடங்கிய நேரத்தில் கிடைத்தது.

தள்ளுவண்டியில் வந்த மூட்டையை வார்டரம்மா காலால் தட்டினாள். இருபத்தாறு வருஷம் சாவிக்கொத்தைச் சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மனுஷி. இடுப்பில் சாவி, முழங்காலில் வலி. இரண்டும் சேர்ந்து சத்தம் போடுவதால் அவள் வருவது அரை நிமிஷம் முன்னாலேயே தெரிந்துவிடும். கைதிகளுக்கு அது ஒரு வசதி.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து கடுதாசி வந்திருக்கு. காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க” என்றாள். “துணி நல்லா இருக்காம். தையல் நல்லா இருக்காம். நாடாவை மட்டும் அவிழ்க்க முடியலையாம். நர்ஸுங்களுக்கு நகம் ஒடைஞ்சு போச்சாம். அவசரத்துக்கு வந்த ஆளு வலியில துடிச்சுக்கிட்டுக் கிடக்க, இவங்க கால்சட்டையோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னாங்களாம். நோயாளிக்குத் தைக்கச் சொன்னா, பூட்டு போட்டு அனுப்பியிருக்கீங்களேடி!”

நோயாளிகள் போடும் தொளதொள கால்சட்டை அது. வெளிர் பச்சை நிறம். இடுப்பு மடிப்புக்குள் நாடாவைக் கோத்து, அது உள்ளே ஓடிவிடாமல் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, மடித்து அடுக்க வேண்டும். கட்டச் சொன்னார்கள், எப்படிக் கட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. நாடா கட்டுவதற்கெல்லாம் யாராவது பாடம் நடத்துவார்களா?

கூடத்தில் தைக்கும் பதினோரு பேரும் மெஷினை நிறுத்திவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சில நாடாக்கள் சமர்த்தாக இழுத்ததும் அவிழ்ந்து வந்தன. மற்றவை அப்படியில்லை. ஒன்று கூழாங்கல்லாக இறுகிக் கிடந்தது. ஒன்றில் எறும்பு வரிசை மாதிரி ஐந்து முடிச்சு. ஒன்றில் நாடாவோடு துணியையும் சேர்த்துப் பிடித்துக் கட்டியிருந்தது. இன்னொன்றுதான் எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. இரட்டை முடிச்சு போட்டு, மிச்சமிருந்த வாலைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய், முடிச்சின் வயிற்றுக்குள்ளேயே செருகி மறைத்திருந்தது. வார்டரம்மா அதை நகத்தால் கிள்ளினாள், ஊக்கால் நெம்பினாள், கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு அசையவில்லை. பல்தான் லேசாக அசைந்தது.

“இது யார் கைவேலை?”

“என்னோடதுதான்” என்றாள் கத்திரி.

“அஞ்சு முடிச்சு?”

“அது நான்” என்று கையைத் தூக்கினாள் பர்ஸ் அக்கா. ஐம்பதைத் தொட்டவள். பஸ்ஸில் தான் ஏறிய மறுநிமிஷம் விரலை அடுத்தவர் பையில் இறக்கிவிடுகிற தொழில்காரி.

“ஊரான் பையைக் கண்ணை மூடிக்கிட்டே திறக்கிறவ நீ. உனக்கு எதுக்குடி அஞ்சு முடிச்சு?”

கூடமே சிரித்தது. பர்ஸ் அக்காவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “சின்ன வயசுப் பழக்கம் வார்டரம்மா. தூங்குறப்போ அவிழக் கூடாதுல்ல. அஞ்சையும் அவிழ்க்கிறதுக்குள்ள முழிச்சுக்குவேன்னு ஒரு கணக்கு” என்றாள்.

மின்சாரம் போனதும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓயுமே, சிரிப்பு அப்படி நின்றது.

கூழாங்கல் முடிச்சுக்காரியின் பெயர் முத்திரை. அரசாங்க முத்திரைகளை அரசாங்கத்தைவிட அழகாகச் செய்துகொண்டிருந்ததால் உள்ளே வந்தவள். தலையை நிமிர்த்தாமல், “எனக்கும் அதே கணக்குதான்” என்றாள். துணியோடு சேர்த்துக் கட்டியது தான்தான் என்று மூலையிலிருந்து ஒருத்தி சொன்னாள். அப்புறம் ஒருத்தி. எண்ணிப் பார்த்தால் பதினோரு பேரில் ஏழு பேர். வேறு வேறு ஊர், வேறு வேறு வீடு, ஒருத்தி அப்பன் குதிரை வண்டிக்காரன், ஒருத்தி அப்பன் பள்ளிக்கூட வாத்தியார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஏழு பேரும் ஏழு வயதிலோ பத்து வயதிலோ தனித்தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்த கைத்தொழில்.

வார்டரம்மா தன் வலது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அங்கே வெளுத்துப்போன ஒரு பல் தழும்பு உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால், கத்திரி உள்ளே வந்த முதல் நாள், சோதனை அறையில் விதிப்படி அவள் பாவாடை நாடாவை உருவச் சொன்னபோது கிடைத்தது. கைதியின் உடுப்பில் நாடாவுக்கு இடமில்லை. யாராவது கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள் என்று எலாஸ்டிக் வைத்துத்தான் உடுப்பு. அன்று இரண்டு வார்டர்கள் சேர்ந்து பிடித்தும் அந்த நாடா வரவில்லை. பதினைந்து நாள் தனிக்கொட்டடி கொடுத்தார்கள். “ஒரு முழ நாடாவுக்காகக் கடிச்ச பேய்டி இது” என்று அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கு, “சரி, அவிழ்ங்க” என்றாள் மெதுவாக. “மெதுவாவே அவிழ்ங்க. ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போயிடாது.”

கத்திரிக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஊரறிந்தது. ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் மேஜையில் வேலை. சூப்பர்வைசர் பின்னாலிருந்து வந்து இடுப்பில் கை வைத்தான். அவள் கையில் பன்னிரண்டு அங்குலக் கத்திரிக்கோல். திரும்பினாள். அவனுக்குத் தோள் நரம்பு போயிற்று, அவளுக்கு ஏழு வருஷம் போயிற்று. ‘வெறும் தொடுதலுக்கு இவ்வளவு ஆத்திரமா?’ என்று நீதிபதி கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் குத்தில் பாதிக்கு மேல் வேறு விலாசத்துக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு. விலாசம் மாறி இவன் தோளில் இறங்கிவிட்டது. அதைச் சொல்வதற்குக் கோர்ட்டில் ஃபாரம் எதுவும் கிடையாது. அரசாங்கத்தின் கோப்பில் கத்திரி இருபத்தாறாவது வயதில்தான் பிறக்கிறாள். முதல் பக்கத்திலேயே கையில் கத்திரிக்கோல்.

சிறை அவளைத் தையல் கூடத்துக்கு அனுப்பியது, ஆனால் கத்திரிக்கோலைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஆகவே அவள் தைப்பாள். நூல் வெட்ட வேண்டியிருந்தால் “வெட்டு!” என்று குரல் கொடுப்பாள். பக்கத்து மெஷினிலிருந்து முத்திரை வந்து வெட்டிவிட்டுப் போவாள். ஐந்து வருஷமாக இந்த நாடகம் நடக்கிறது. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

வியாழக்கிழமை கத்திரியின் தங்கச்சி பார்க்க வந்தாள்.

பார்வைக் கூடத்தில் கம்பி வலை இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு முழம் இடைவெளி. இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மீன் ஏலம் தோற்றுப்போகும். ரகசியம் பேச அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

“இளைச்சுட்டியேக்கா.”

“நான் தின்னுறது சிறைச்சோறு. நீ வீட்டுச்சோறு தின்னுட்டு எதுக்குடி இப்படிக் காஞ்ச நாரா இருக்க?”

“நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன். முதல்ல அதைக் கேளு. பெரியப்பா ஒத்துக்கிட்டாரு. பொறுப்புக் கையெழுத்து போடுறாராம். திங்கக்கிழமை அவரே நேர்ல வர்றாரு.”

நன்னடத்தைக்காரர்களைத் தண்டனை முடியும் முன்பே விடுவது உண்டு. ஆனால் சொந்த வீடுள்ள உறவுக்காரர் ஒருவர், ‘என் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன், நான் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட வேண்டும். கத்திரிக்கு இன்னும் ஒன்றேமுக்கால் வருஷம் பாக்கி. கையெழுத்து விழுந்தால் அடுத்த மாதமே கேட் திறக்கும். அவளுடைய உறவில் கூரையுள்ளவர் ஒரே ஒருத்தர்தான். அப்பா செத்தபோது அம்மாவையும் இரண்டு பெண் குழந்தைகளையும் தன் வீட்டுக்குக் கூட்டி வந்த, அப்பாவின் அண்ணன். மளிகைக் கடைக்காரர். அம்மாவும் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. தங்கச்சியைக் கட்டியவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனதும், அவளும் பெண் குழந்தையை இழுத்துக்கொண்டு அதே வீட்டின் பின்னறைக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

“ஏன்க்கா பேச மாட்டேங்குற?”

“குட்டி எப்படி இருக்கா?”

“இருக்கா. நாலாங்கிளாஸ். கணக்குதான் வர மாட்டேங்குது. பெரியப்பா தானே சொல்லித் தர்றேன்னு மாடிக்குக் கூப்பிடுறாரு.”

வலையைப் பிடித்திருந்த கத்திரியின் விரல் நுனிகள் வெளுத்தன.

“எப்போலேர்ந்து?”

“போன வாரம் ரெண்டு நாள். நான் மாவு சலிக்கிற சாக்குல மாடிப்படியிலேயே உட்கார்ந்துட்டேன். ஒண்ணும் இல்லக்கா. அவருக்கும் வயசாயிடுச்சு, கண்ணு கூடச் சரியாத் தெரியல” என்று மளமளவென்று சொன்னவள், குரலை இறக்கினாள். “எதுக்கும் இருக்கட்டும்னு குட்டிக்கு முடிச்சு சொல்லிக் குடுத்திருக்கேன்.”

“எந்த முடிச்சு?”

“நீ எனக்குச் சொல்லிக் குடுத்தியே. வாலை மறைக்கிறது. அவளுக்கு அவிழ்க்கத்தான் வரல, தினம் காலையில நான்தான் அவிழ்த்து விடுறேன்.”

பக்கத்தில் ஒருத்தி தன் புருஷனைக் குலம் கோத்திரத்தோடு திட்டிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதில் அந்த வீட்டை விட்டு ஓடிப்போவதற்கு முந்தின நாள் மத்தியானம், பத்து வயதுத் தங்கச்சியை மடியில் இழுத்துப் போட்டு, பொம்மைக்குப் பாவாடை கட்டுகிற மாதிரி அதைச் சொல்லிக் கொடுத்தது கத்திரிதான்.

“உனக்கு அது பொம்மை விளையாட்டுன்னு நினைச்சேன்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். பொம்மைக்கு எதுக்கு இவ்வளவு கெட்டியான முடிச்சுன்னு, நீ போன மூணாம் மாசம் தெரிஞ்சுது.” தங்கச்சி இதை மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை…”

“யாருகிட்ட? நீதான் இல்லையே.”

கத்திரி நெற்றியை வலையில் வைத்து அழுத்தினாள். கம்பிக் கட்டம் தோலில் பதிந்தது.

“அடியே, இங்க பாரு. அந்த முடிச்சு என்னைக் காப்பாத்துச்சா?”

“இல்ல.”

“உன்னை?”

தங்கச்சி தலையை ஆட்டினாள்.

“அப்புறம் எதுக்குடி அதைத் தூக்கி அந்தப் பச்ச மண்ணு கையில குடுத்த?”

“வேற என்ன இருக்கு என்கிட்ட குடுக்க?” என்றாள் தங்கச்சி. அப்போதுதான் அவள் கண் நிறைந்தது. “அதனாலதான் உன்னைக் கூப்பிடுறேன். நீ வந்துட்டா நாம ரெண்டு பேரு. ஒருத்தி கடையில இருந்தா ஒருத்தி வீட்டுல. மாத்தி மாத்திக் காவல் இருக்கலாம். பெரியப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. பழசு எதையும் பேசக் கூடாதாம். ‘உங்க அக்காவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம், சுருட்டி உள்ள வெச்சுக்கிட்டு வரச் சொல்லு’ன்னாரு. வாக்கா. என் குட்டிக்காக வா.”

மணி அடித்தது. அவ்வளவுதான் நேரம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை பெய்தால் மெஷின் ஓடுவது கேட்காது, ஊசி உடைவதும் கேட்காது. தட்டில் சோறும் தண்ணீராக ஒரு பருப்பும் வந்தன. பருப்பைத் தேடி எடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும், பர்ஸ் அக்காவுக்கு அது கைவந்த கலை. தேடி எடுத்ததைக் கத்திரியின் தட்டில் போட்டுவிட்டு, “நேத்துலேர்ந்து முகம் செத்துக் கிடக்கே, என்ன?” என்றாள்.

கத்திரி சொன்னாள். முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக, முன்னுரை இல்லாமல், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். முத்திரையும் பர்ஸ் அக்காவும் நடுவில் ‘ஐயோ’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்த கடைக்கு வழி சொன்னால் கேட்பவர்கள் எப்படித் தலையாட்டுவார்களோ, அப்படி ஆட்டினார்கள்.

“பொறுப்பாளர்தானே பிரச்சினை?” என்றாள் முத்திரை. “ஒரு நல்ல சித்தப்பாவா நானே செஞ்சு தர்றேன். கையெழுத்து, கெஜட் முத்திரை, வீட்டு வரி ரசீது எல்லாத்தோடயும். மீசை வேணுமா, வேண்டாமா?”

“நீ செஞ்ச சித்தப்பாவாலதானே நீயே இங்க இருக்க” என்று பர்ஸ் அக்கா அவள் தலையில் தட்டினாள். அப்புறம் கத்திரியைப் பார்த்து, “போயிட்டுக் காவல் இருடி. உன் கையில கத்திரிக்கோல் இல்லன்னாலும் அந்தாளுக்கு உன்னைக் கண்டா பயம் இருக்கும்ல?” என்றாள்.

“பயம் இருக்கிறவன் கூப்பிடுவானா அக்கா?” கத்திரி சோற்றைத் தள்ளி வைத்தாள். “நல்லா யோசிச்சுப் பாரு. அவரு என்ன குடுக்குறாரு? ஒரு கையெழுத்து. என்ன எடுத்துக்கிறாரு? என் வாயை. வெளிய போன பிறகு நான் ஒரு வார்த்தை முணுமுணுத்தாலும், ‘இவ நடத்தை சரியில்ல, பொறுப்பை விட்டுட்டேன்’னு ஒரு கடுதாசி போட்டாப் போதும். மறுநாள் நான் இங்க இருப்பேன், குட்டி மாடியில இருப்பா. காவல் நாயை வாங்கிட்டுப் போறாரு, சங்கிலியைத் தன் கையிலயே வெச்சுக்கிட்டு. இது என்ன வியாபாரம்? சந்தையில காய் விக்கிறவ கூட இதுக்கு ஒத்துக்க மாட்டா.”

“அப்போ என்ன செய்யப் போற?”

“பேசப் போறேன்.”

“பேசுனா கையெழுத்து போச்சு. ஒண்ணேமுக்கால் வருஷம்டி.”

“போகட்டும்.”

“நம்பணுமே?” என்றாள் முத்திரை. அவள் தொழில் ரீதியாகக் கேட்டாள். “கைதி சொல்றது, மளிகைக் கடைக்காரர் சொல்றது. ரெண்டையும் மேஜையில வெச்சா எந்தக் காகிதம் செல்லும்னு எனக்குத் தெரியும்.”

கத்திரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கடை வாசலில் பார்த்த ஒரு காட்சி நினைவில் இருந்தது. சாக்கைக் கட்டிவரும் சணல் கயிற்றைப் பெரியப்பா அறுக்க விடமாட்டார். மடியில் போட்டு அவிழ்த்து, உருண்டையாகச் சுற்றி வைப்பார். வருகிறவர் போகிறவரெல்லாம் பாராட்ட வேண்டும் என்பதற்காகவே வாசலில் உட்கார்ந்து அவிழ்ப்பார். அந்தப் பெருமை இன்னும் போயிருக்காது.

சாயங்காலம் அவள் வார்டரம்மாவிடம் போய், “ஆஸ்பத்திரி மூட்டையில என்னோட கால்சட்டை ஒண்ணு அவிழ்க்காம வேணும். திங்கக்கிழமை வரைக்கும்” என்றாள்.

“எதுக்கு?”

“தங்கச்சி பொண்ணு விஷயம்.”

வார்டரம்மா மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். “அலமாரியில போட்டு நானே பூட்டி வைக்கிறேன்” என்றாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நலத்துறை அதிகாரியின் அறை. அதிகாரி சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேஜை நிறையக் கோப்பு, கோப்பு நிறையத் தூசி. பெரியப்பா சலவைச் சட்டையும் பழக்கூடையுமாக வந்தார். அதிகாரியை “மகளே” என்றார். வார்டரம்மாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் சொன்னார். தங்கச்சியைக் கதவோரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பத்து நிமிஷத்தில் அந்த அறையே அவருடைய கடை மாதிரி ஆகிவிட்டது.

“என்னம்மா, நல்லா இருக்கியா?” என்றார் கத்திரியிடம். “நடந்தது நடந்து போச்சு. நான் மனசுல எதையும் வெச்சுக்கல. நம்ம வீடு இருக்கு, வந்து இரு.”

அதிகாரி ஃபாரத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

“கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி பெரியப்பா” என்றாள் கத்திரி. வார்டரம்மா வெளிர் பச்சைக் கால்சட்டையை மேஜை மேல் வைத்தாள். “ஆஸ்பத்திரிக்குத் தச்சது. நாடா மாட்டிக்கிச்சு. நர்ஸுங்களால முடியல, வார்டரம்மா பல்லாலயே கடிச்சுப் பார்த்துட்டாங்க, இந்த மேடமும் காலையிலேர்ந்து ஊசி வெச்சுக் குத்திப் பார்த்தாங்க. ‘எங்க பெரியப்பா அவிழ்க்காத முடிச்சே கிடையாது, கடைத்தெருவுல கேட்டுப் பாருங்க’ன்னு நான்தான் பெருமையாச் சொல்லி வெச்சிருக்கேன்.”

அவர் சிரித்தார். “இந்தப் பொண்ணுக்கு அப்போலேர்ந்தே வாய் ஜாஸ்தி” என்று அதிகாரியிடம் சொல்லிக்கொண்டே கால்சட்டையை மடியில் இழுத்துக்கொண்டார். கண் அதிகாரியின் முகத்தில்தான் இருந்தது. சணல் கயிற்றைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவருடைய கட்டைவிரல் முடிச்சின் முன்பக்கம் போகவே இல்லை. நேராகப் பின்னால் போயிற்று. முடிச்சின் வயிற்றைப் பின்னாலிருந்து ஓர் அழுத்து. மறைந்திருந்த வால் வெளியே வந்தது. அதை இடது பக்கம் கீழே ஓர் இழுப்பு. அவ்வளவுதான். சொல்ல வந்த வாக்கியம் முடிவதற்குள் நாடா இரண்டாகப் பிரிந்து அவர் மடியில் கிடந்தது.



“பார்த்தீங்களா மேடம்?” என்றாள் கத்திரி. “கயிறு அவிழ்க்கிறவர் முதல்ல முடிச்சைப் பார்ப்பாரு. எங்க தொடக்கம், எங்க முடிவுன்னு திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு. இவரு பார்க்கவே இல்ல. அந்த முடிச்சு நான் ஒன்பது வயசுல கண்டுபிடிச்சது. உலகத்துல எனக்குத் தெரியும், என் தங்கச்சிக்குத் தெரியும். தங்கச்சி பொண்ணுக்குப் போடத் தெரியும், அவிழ்க்கத் தெரியாது. இவருக்கு எப்படித் தெரியும்னு நீங்களே கேளுங்க.”

பெரியப்பா மடியைப் பார்த்தார். பாம்பைத் தட்டிவிடுகிற மாதிரி கால்சட்டையைத் தட்டிவிட்டார். “என்ன உளர்ற? முடிச்சு அவிழ்க்கிறது ஒரு குத்தமா? மகளே, ஜெயில்ல இருந்து இருந்து இதுக்குப் புத்தி…”

“உங்க மக இல்ல நான்” என்றாள் அதிகாரி. அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனால் பேனா நிமிர்ந்தே நின்றது. கத்திரியிடம் திரும்பி, “நீங்க சொல்லப்போறது எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு. இதை நான் எழுதுனா இந்த விடுதலை ஃபாரம் செல்லாது. வேற பொறுப்பாளர் உங்களுக்கு இல்ல. தெரிஞ்சுதான் பேசுறீங்களா?” என்றாள்.

“தெரிஞ்சுதான். வெளிய போறதுக்காக இங்க எல்லாரும் பொய் சொல்வாங்க மேடம். உள்ள இருக்கிறதுக்காக எவளாவது பொய் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?”

முத்திரை மட்டும் அங்கே இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாள். கைதியின் சொல் என்ற செல்லாத காகிதம் செல்லுபடியாகிற இடம் அதுதான்.

“நன்றி கெட்டவளே!” பெரியவர் எழுந்தார். “மூணு பேருக்குச் சோறு போட்டேன். தெருவுல நின்னீங்களே, மறந்துடுச்சா?”

“அந்தச் சோத்துக்கு என்ன குடுத்தோம்னு எனக்கும் ஞாபகம் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. எழுதிக்குங்க மேடம். எனக்கு ஒன்பது வயசு. மாடி அறை. கணக்குப் பாடம்.”

அவர் கதவைப் பார்த்துத் திரும்பினார். “இவ ஒருத்தி சொன்னா எவன் நம்புவான்? வாடி போகலாம்” என்று தங்கச்சியைப் பார்த்து அதட்டினார். அந்த அதட்டலுக்கு இருபது வருஷமாக எழுந்து நின்ற பெண் அவள். இப்போதும் எழுந்தாள். கத்திரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். இவள் இந்த ஆளின் பின்னால் போய்விட்டால் பேசியது அத்தனையும் காற்றோடு போய்விடும், சாயங்காலமே குட்டிக்குக் கணக்கு வகுப்பு ஆரம்பித்துவிடும்.

தங்கச்சி நடந்து வந்து மேஜைக்குக் கீழே கிடந்த கால்சட்டையை எடுத்தாள். உதறி, நாடாவின் இரண்டு முனையையும் பிடித்து, இரட்டை முடிச்சு போட்டு, வாலைப் பின்னால் கொண்டுபோய்ச் செருகினாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். அதை அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

“எனக்குப் பத்து வயசு மேடம்” என்றாள். “என்னையும் எழுதிக்குங்க. என் குட்டி இப்போ பக்கத்து வீட்டு டெய்லர் அக்காகிட்ட இருக்கா. நான் இனிமே அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். எங்க போறதுன்னு தெரியல. ஆனா வைக்க மாட்டேன்.”

பெரியவர் கதவுக்குப் போனபோது அங்கே வார்டரம்மா நின்றிருந்தாள். வாசல் முழுக்க நின்றாள். “கொஞ்சம் உட்காருங்க பெரியவரே. கேட் சாவி என்கிட்ட இருக்கு. எனக்கு முழங்கால் வலி, மெதுவாத்தான் வருவேன்” என்றாள். அதிகாரி அதற்குள் போனை எடுத்திருந்தாள்.

அன்று மத்தியானமே பெண் போலீஸ் வந்தார்கள். குட்டியும் தங்கச்சியும் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலுக்குப் போனார்கள். கிழவர் பெரிய வக்கீல் வைத்திருக்கிறார், வழக்கு இழுக்கும், எப்படி முடியும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. குட்டி மாடிக்குப் போகவில்லை. அது மட்டும் உறுதி. பழக்கூடையைப் பெரியவர் மறந்துவிட்டுப் போயிருந்தார். வார்டரம்மா அதைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தபோது, பர்ஸ் அக்கா, “பழம் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று மட்டும் கேட்டாள். யாரும் எடுக்கவில்லை, அவள்கூட.

கத்திரி கூடத்துக்குத் திரும்பி வந்து தன் மெஷினில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணேமுக்கால் வருஷம்” என்றாள் முத்திரை.

“இருக்கட்டும். இங்க பூட்டு வெளியில, சாவி பொம்பளை கையில. அந்த வீட்டை விட இது மேல். மூட்டையைக் கொண்டா இங்க, மிச்சத்தையும் அவிழ்ப்போம்.”

“உன் தலையெழுத்து!”

“நானே எழுதுனது. வெட்டு!”

முத்திரை வந்து நூலை வெட்டினாள்.

மறுநாள் காலை அதிகாரி தன் அறைக் கதவைத் திறக்க வந்தபோது வெளியே ஒரு வரிசை நின்றது. தையல் கூடத்துப் பெண்கள் ஆறு பேர். முன்னால் பர்ஸ் அக்கா, அவளுக்குப் பின்னால் முத்திரை.

“என்ன எல்லாரும்? என்ன வேணும்?”

“எங்க ஃபைல்லயும் முன்பக்கம் கிழிஞ்சு போயிருக்கும்மா” என்றாள் பர்ஸ் அக்கா. “எடுத்த எடுப்புலயே திருடின்னு ஆரம்பிக்குது. கதை அங்க ஆரம்பிக்கல.”

“தள்ளுக்கா, நான்தான் முதல்ல வந்தேன். வரிசையிலயும் கை வெச்சுட்டியா?” என்று முத்திரை இடித்தாள்.

“பேசாம நில்லுடி. நீ முதல்ல போனா அந்தப் பக்கத்தையும் போலியாச் செஞ்சுடுவ.”

அதிகாரி உள்ளே போய் உட்கார்ந்து புதுத் தாள் எடுத்தாள். பர்ஸ் அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேர் பையில் நடுங்காத விரல்களை மடியில் கோத்துக்கொண்டாள்.

“எந்த வயசுலேர்ந்து எழுத?”

“ஏழு” என்றாள் பர்ஸ் அக்கா. “மை இருக்கான்னு பார்த்துக்கோம்மா. நான் சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.”